கத்திரி வெயிலா, நிரம்பின டிஸ்க்கா? அளக்கற பேக்கேஜ் ஒரே நாள்ல ரெண்டு எண் சொல்லுது

காட்பாடி வாசகர் | 2025 மே 6, இரவு 8.12

அண்ணா, உங்க டிஸ்க் வேகம் அளக்கற பேக்கேஜை ஓட்டினேன். ஒரே டிஸ்க், ஒரே கமாண்ட், ஒரே நாள். 1 டிபி என்விஎம்இ எஸ்எஸ்டி, ஜென் 3, டிஎல்சி. காலை 6 மணிக்கு தொடர் எழுத்து வினாடிக்கு 1,690 எம்பி. மதியம் 2 மணிக்கு 480. நடுவுல அப்டேட் எதுவும் போடல. டீஃபால்ட்தான்: 8 ஜிபி ஃபைல், 60 செகண்ட். பேக்கேஜ்ல பக் இருக்குன்னு தோணுது. எந்த எண்ணை எழுதறது? காலைல வந்த எண்ணு வர்ற மாதிரி டீஃபால்ட்ட மாத்தக் கூடாதா?

மெயின்டெய்னர் | மே 6, இரவு 9.05

பக் இல்ல. ரெண்டும் சரியான எண்தான், ரெண்டுக்கும் நிலைமை வேற. மொதல்ல சூட்டைப் பாருங்க. கத்திரி ஆரம்பிச்சு ரெண்டு நாள் ஆச்சு, மதியம் 2 மணிக்கு காட்பாடில மாடி ரூம் எப்படி இருக்கும்னு சொல்லத் தேவையில்ல.

ஓட்டத்துக்கு முன்னாடி ஒரு தடவை, முடிஞ்ச உடனே ஒரு தடவை என்விஎம்இ ஸ்மார்ட்-லாக் (டிஸ்க் தன் நிலைமையைச் சொல்ற பதிவு) எடுங்க. அதுல மூணு வரி போதும். ஒண்ணு, வெப்பநிலை. ரெண்டு, எச்சரிக்கை வெப்பத்துல இருந்த நிமிஷங்கள். மூணு, தெர்மல் மேனேஜ்மென்ட் டி1, டி2 (சூட்டுக்காக வேகத்தைக் குறைக்கற ரெண்டு படி) எத்தனை தடவை மாறுச்சுங்கற கணக்கு. இந்த மூணாவதை எல்லா டிஸ்க்கும் நிரப்பாது. நிரப்பற டிஸ்க்கா இருந்து, ஓட்டத்துக்கு நடுவுல அது ஏறியிருந்தா, கன்ட்ரோலர் தன்னைத்தானே மெதுவாக்கிக்கிச்சுன்னு அர்த்தம்.

மெயின்டெய்னர் | மே 6, இரவு 9.20

மேல சொல்ல விட்டது. சராசரி எண்ணை மட்டும் பாத்தா காரணம் தெரியாது, செகண்டுக்கு செகண்ட் கோடு வேணும். ஃபியோவுல (நம்ம பேக்கேஜ் உள்ள வெச்சு ஓட்டற அளக்கற புரோகிராம்) ரைட்_பிடபிள்யூ_லாக் போட்டு, லாக்_ஏவிஜி_எம்செக் 1000 வெச்சா வினாடிக்கு ஒரு வரி கிடைக்கும். நம்ம பேக்கேஜ்ல "விவரம்" கொடியைப் போட்டா இது ரெண்டும் தானா சேரும்.

கோடு போட்டதும் வடிவத்தைப் பாருங்க. எஸ்எல்சி கேஷ் (எழுத்தை மொதல்ல வேகமா வாங்கிக்கற இடம்) தீர்ந்தா சுவர்ல இருந்து குதிச்ச மாதிரி ஒரே விழு, அப்புறம் கீழேயே நேரா ஓடும். சூடுன்னா ரம்பப் பல்: விழும், ஆறும், ஏறும், திரும்ப விழும். ரெண்டாவது சோதனை: மேஜை ஃபேனை டிஸ்க் பக்கம் திருப்பி ஓட்டுங்க. விழற இடம் தள்ளிப் போனா சூடு. அதே ஜிபில விழுந்தா கேஷ்.

ராணிப்பேட்டை வாசகர் | மே 7, காலை 7.31

ஃபேன் எதுக்கு, ஃபிரிட்ஜ்ல வெச்சு அளந்தா ரெக்கார்டே போடலாமே 🙂

மெயின்டெய்னர் | மே 7, காலை 7.50

வெளில எடுக்கறப்ப முத்து முத்தா தண்ணி கோத்துக்கும். போர்டு போயிடும். ரிப்போர்ட்ல "அருகில் வெண்டைக்காய்"னு வேற எழுதணும்.

மெயின்டெய்னர் | மே 7, காலை 8.15

நேத்து சொன்னதுல ஒரு திருத்தம். "அதே ஜிபில விழுந்தா கேஷ்"னு எழுதினது பாதி சரி. கேஷ் அளவு நிலையா இருக்கற டிஸ்க்குக்குத்தான் அது பொருந்தும். இப்ப வர்ற வீட்டு உபயோக டிஸ்க் பலதுல கேஷ் காலி இடத்தைப் பொறுத்து மாறும். டிஎல்சி செல்லு மூணு பிட் வைக்கும். அதையே ஒரு பிட் மட்டும் வெச்சு வேகமா எழுதறதுதான் எஸ்எல்சி மோடு. அதனால காலி இடத்துல அதிகபட்சம் மூணுல ஒரு பங்குதான் கேஷா மாறும், க்யூஎல்சின்னா நாலுல ஒண்ணு. 600 ஜிபி காலியா இருந்தா 200 ஜிபி வரைக்கும் வழி உண்டு. 90 ஜிபி காலின்னா 30-ஐ தாண்டாது. இது மேல்வரம்புதான்; கம்பெனி இதைவிடக் கம்மியாவே வெச்சிருக்கும்.

தம்பி, காலைலயும் மதியமும் டிஸ்க் எவ்வளவு நிரம்பியிருந்துச்சு? நடுவுல ஏதாவது காப்பி பண்ணீங்களா?

காட்பாடி வாசகர் | மே 7, காலை 10.02

ஆமாண்ணா. ஒரு கல்யாண வீடியோ, 510 ஜிபி. காலைல 600 ஜிபி காலி. மதியம் 90. அதுவும் காரணமாகும்னு தோணல.

மெயின்டெய்னர் | மே 7, காலை 10.10

510 ஜிபி!! இதை முதல் வரிலயே சொல்லியிருக்கணும்.

காப்பி முடிஞ்ச கையோட அளந்திருந்தா கேஷ்ல கெடந்ததை டிஸ்க் இன்னும் டிஎல்சிக்கு மடிச்சு, அதாவது மூணு பிட்டா மாத்தி எழுதி, முடிச்சிருக்காது. அப்ப உங்க ஓட்டத்துக்குக் கேஷே இல்ல, முதல் வினாடில இருந்தே நேரடி டிஎல்சி எழுத்து. 480 அதோட வேகமா இருக்கலாம். வெயில் மேல நான் போட்ட பழியைப் பாதி வாபஸ் வாங்கிக்கறேன். கேஷ் காலியா இருக்கற நேரம் பாத்து அளக்கறது பாலாத்துல வெள்ளம் வந்த அன்னிக்குத் தண்ணி அளக்கற மாதிரி. எண்ணு பொய்யில்ல. வருஷம் பூரா அப்படித்தான்னு சொன்னா அது பொய்.

நாலு ஓட்டம் பண்ணுங்க: இடம் காலி பண்ணி ஃபேனோட, காலி பண்ணி ஃபேன் இல்லாம, நிரப்பி ஃபேனோட, நிரப்பி ஃபேன் இல்லாம. ஒவ்வொண்ணுக்கும் நடுவுல அரை மணி டிஸ்க்கை சும்மா விடுங்க. அழிச்ச பிறகு எஃப்எஸ்டிரிம் ஓட்ட மறக்காதீங்க. அது இல்லாம ஃபைலை மட்டும் அழிச்சா இடம் காலியானது டிஸ்க்குக்கே தெரியாது.

குடியாத்தம் வாசகர் | மே 8, இரவு 7.44

இதுலயே கேட்டுடறேன். பழைய 5400 ஆர்பிஎம் ஹார்ட் டிஸ்க், 4கே ரேண்டம் ரீட் 11,000 ஐஓபிஎஸ் (வினாடிக்கு இத்தனை ரீட்) காட்டுது. சந்தோஷப்படலாமா?

மெயின்டெய்னர் | மே 8, இரவு 8.20

படாதீங்க. 5400 ஆர்பிஎம்னா வினாடிக்கு 90 சுத்து, ஒரு சுத்துக்கு 11.1 மில்லிசெகண்ட். சராசரியா அரைச் சுத்து காத்திருக்கணும், 5.6. தலை நகர ஒரு 10 மில்லிசெகண்ட் சேத்தா ஒரு ரீடுக்கு 15.6 ஆச்சு. அப்ப வினாடிக்கு 64. 7200 ஆர்பிஎம்ல அரைச் சுத்து 4.17, அதுல 75-100 வரும். 11,000 வந்தா அது ராம் பேசுது. 1 ஜிபி ஃபைல், 16 ஜிபி ராம், டைரக்ட் 0-ன்னு (ராம் கேஷ் வழியா) ஓட்டியிருப்பீங்க.

டைரக்ட் 1 போட்ட பிறகும் 64-க்கு பதிலா 120 வரலாம். அதுலயும் ஏமாறாதீங்க. 1 டிபி தட்டுல 1 ஜிபி ஃபைல்னா தலை ஒரு மூலையிலயே ஆடிக்கிட்டு இருக்கும், நகர்ற தூரமே இல்ல. தொடர் ரீட்லயும் இப்படித்தான்: தட்டோட வெளி விளிம்புல வர்ற வேகத்துல ஏறக்குறைய பாதிதான் உள் விளிம்புல வரும். காலி டிஸ்க்கோட ஆரம்பத்துல மட்டும் அளந்தா விளிம்பு வேகம்தான் கிடைக்கும்.

இந்தக் கணக்கை பேக்கேஜுக்குள்ளயே வெச்சிருக்கோம். கர்னல் "சுத்தற டிஸ்க்"னு சொல்லி, ஆழம் 1-ல (ஒரு நேரத்துக்கு ஒரு கோரிக்கை) 300-க்கு மேல ரேண்டம் ரீட் வந்தா எண்ணுக்குப் பக்கத்துல "நம்பத்தகாதது"ன்னு அச்சாகும். சாட்டா எஸ்எஸ்டிக்கும் ஒண்ணு இருக்கு: 6 ஜிகாபிட்ல 8பி/10பி (8 பிட்டை 10 பிட்டா அனுப்பற முறை) கழிச்சா 600 எம்பி, நடைமுறைல 550-560. அதைத் தாண்டினா கேஷ். இல்லேன்னா யாரோ மெபிபைட்டையும் மெகாபைட்டையும் குழப்பியிருக்காங்க. 525 மெபிபைட்தான் 550 மெகாபைட். ஃபியோ ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல அச்சடிக்கும், ஆளுக்கொண்ணு எடுத்துட்டுச் சண்டை போடுவாங்க.

ராணிப்பேட்டை வாசகர் | மே 9, மதியம் 1.15

ஐஓடெப்த் (ஆழம்) 1 வெச்சாலும் 32 வெச்சாலும் எனக்கு ஒரே ரிசல்ட். டிஸ்க் அவ்வளவுதானா?

மெயின்டெய்னர் | மே 9, மதியம் 1.40

இன்ஜினைப் பாருங்க. லினக்ஸ்ல ஃபியோவோட டீஃபால்ட் பிசிங்க். அதுல ஒண்ணு முடிஞ்சாத்தான் அடுத்தது, ஐஓடெப்த் எத்தனை போட்டாலும் கண்டுக்காது. அவுட்புட்ல "ஐஓ டெப்த்ஸ்"னு ஒரு வரி இருக்கும். அங்க 1-க்கு நேரா 100 சதவீதம்னு நின்னா நீங்க கேட்ட ஆழம் டிஸ்க்குக்குப் போகவே இல்ல. லிப்ஏஐஓ அல்லது ஐஓ_யுரிங் இன்ஜினைப் போடுங்க. லிப்ஏஐஓவுக்கு டைரக்ட் 1 கட்டாயம், இல்லேன்னா அதுவும் வரிசைல நின்னுடும்.

யூஎஸ்பி பெட்டிலயா வெச்சு ஓட்டறீங்க? எல்எஸ்யூஎஸ்பி-ஐ மர வடிவத்துல கேளுங்க. டிரைவர் யூஏஎஸ்னு வரணும். யூஎஸ்பி-ஸ்டோரேஜ்னு வந்தா ஒரு நேரத்துக்கு ஒரு கமாண்ட்தான், என்ன இன்ஜின் போட்டும் பயனில்ல.

ராணிப்பேட்டை வாசகர் | மே 9, மதியம் 2.03

யூஎஸ்பி-ஸ்டோரேஜ்தான். 😑

மெயின்டெய்னர் | மே 10, இரவு 10.30

பேக்கேஜ்ல கை வைக்கணும்னு மூணு பேர் கேட்டிருக்கீங்க. வேகமான புரோகிராம் எழுதற வேலைன்னு நினைச்சு வராதீங்க. அளக்கறது ஃபியோ. நம்ம வேலை அளக்கக் கூடாத இடத்துல தடுக்கறதும், அளந்த நிலைமையை எழுதி வைக்கறதும். எங்கெங்க அடி விழுதுன்னு எழுதறேன்.

மொதல்ல டேட்டா அழியக் கூடாது. மவுன்ட் ஆன டிஸ்க்ல எழுதப் போனா ஃபியோவே மறுக்கும், ஆனா எல்விஎம்லயோ ரெய்டுலயோ (பல டிஸ்க்கை ஒண்ணாச் சேத்துக் காட்டற அமைப்பு) உறுப்பா இருக்கற டிஸ்க் மவுன்ட் பட்டியல்ல வராது. அதனால டிவைஸை ஓ_எக்ஸ்சிஎல் கொடியோட திறந்து பாக்கறோம். வேற யாராவது புடிச்சிருந்தா கர்னல் "பிஸி"ன்னு திருப்பி அனுப்பும், நாம அங்கயே நின்னுடலாம். அடுத்து, என்விஎம்இ0என்1 மாதிரி பேரை ஏத்துக்கறதே இல்ல. ரெண்டு டிஸ்க் இருக்கற மெஷின்ல ரீபூட்டுக்கு அப்புறம் 0-வும் 1-ம் இடம் மாறலாம். பை-ஐடி கீழ இருக்கற நீளப் பேரைத்தான் கேக்கறோம். "டைப் பண்ணக் கஷ்டமா இருக்கு"ன்னு இஷ்யூ போட்டா மூடிடுவோம். கஷ்டமா இருக்கட்டும்.

ரெண்டாவது, காலி டிஸ்க்கைப் படிக்கறது. டிரிம் ஆன பிளாக்கைப் படிச்சா கன்ட்ரோலர் ஃபிளாஷைத் தொடாமலே பூஜ்யத்தை அனுப்பிடும். ரீட் எண்ணு ஜோரா இருக்கும், ஒண்ணுத்துக்கும் உதவாது. ரீட் சோதனைக்கு முன்னாடி அந்தப் பரப்பு முழுக்க எழுதியே ஆகணும், அதுவும் பூஜ்யத்தால இல்ல. பிடிஆர்எஃப்எஸ், இசட்எஃப்எஸ்ல கம்ப்ரெஷன் போட்டிருந்தா பூஜ்யம் எல்லாம் சுருங்கிக் காணாமப் போகும். ரீஃபில்_பஃபர்ஸ் போட்டு ஒவ்வொரு தடவையும் புது ரேண்டம் டேட்டா அனுப்பறோம். டிடி கமாண்ட்ல டெவ்-ஜீரோவை இழுத்து டிஸ்க் வேகம் பாக்கற பழக்கத்தை விட்டுடுங்க.

மூணாவது, கமுக்கமா வேற வழிக்குப் போறது. இதுதான் எல்லாத்தையும் விட மோசம். ஐஓ_யுரிங்கை புது டாக்கர்ல டீஃபால்ட் செக்காம்ப் (கர்னல் அழைப்புகளைத் தடுக்கற வடிகட்டி) விடாது. கர்னல் 6.6-ல இருந்து அதை மொத்தமா அணைக்க ஒரு சிஸ்சிடிஎல் அமைப்பு வந்திருக்கு. அப்படி மறுக்கப்பட்டா லிப்ஏஐஓவுக்கு மாறி ஓட்டிடலாம்னு ஒரு பேட்ச் வந்துச்சு. நல்ல எண்ணத்துல வந்ததுதான், திருப்பி அனுப்பிட்டோம். கேட்டது ஒண்ணு, ஓடினது ஒண்ணுன்னா ரிசல்ட்டை எதோட ஒப்பிடறது? இப்ப மறுத்தா நின்னு, ஏன்னு சொல்லிட்டு வெளியேறும். மாறணும்னா ஆளே கைப்பட மாத்தணும். டிஎம்பிஎஃப்எஸ்லயும் (ராம்லயே இருக்கற ஃபைல் சிஸ்டம்) இதே கதை: 6.6-க்கு முந்தின கர்னல்ல அங்க ஓ_டைரக்ட்டே கிடையாது, ஃபியோ இன்வாலிட் ஆர்கியுமென்ட்னு விழும். டைரக்ட்டை எடுத்துட்டு ஓட்டி, ராமை அளந்துட்டு "டிஸ்க் வேகம்"னு அச்சடிக்கக் கூடாது.

நாலாவது, ஃபியோ ரிசல்ட்டைக் குடுக்கற ஜேசன் வடிவம். ஃபியோ 3.0-ல லேட்டன்சி மைக்ரோசெகண்ட்ல இருந்து நானோசெகண்டுக்குப் போச்சு, புலத்தோட பேரும் சிலாட்_என்எஸ்னு மாறுச்சு. பேரைப் பாக்காம எண்ணை மட்டும் உருவினா ஆயிரம் மடங்கு தப்பு. பர்சன்டைல் சாவி "99.000000"ன்னு எழுத்துச் சரமா இருக்கும், 99-ன்னு தேடினா கிடைக்காது. சில நேரம் ஜேசனுக்கு முன்னாடி எச்சரிக்கை வரி வந்து உக்காந்துக்கும், அதனால முதல் அடைப்பு எங்க வருதுன்னு தேடித்தான் படிக்கணும். ஒவ்வொரு ஃபியோ பதிப்போட அவுட்புட்டையும் ஒரு மாதிரி எடுத்து டெஸ்ட் ஃபோல்டர்ல வெச்சிருக்கோம். புது பதிப்பு வந்தா மொத வேலை அந்த மாதிரியைச் சேக்கறது.

மெயின்டெய்னர் | மே 10, இரவு 11.05

ஸ்மார்ட்-லாக்கை ஜேசனா கேட்டா வெப்பநிலை கெல்வின்ல வரும், அதை விட்டுட்டேன். "என் டிஸ்க் 331 டிகிரில இருக்கு, ஃபயர் சர்வீஸைக் கூப்பிடவா"ன்னு ஒருத்தர் இஷ்யூ போட்டது இதனாலதான். 331-ல 273 போனா 58. கத்திரில அது சாதாரணம்.

யூஎஸ்பி பெட்டில என்விஎம்இ-சிஎல்ஐ வேலை செய்யாது. ஸ்மார்ட்சிடிஎல்-க்கு பிரிட்ஜ் சிப் வகையைச் சொல்லித்தான் சூட்டைப் படிக்கணும். படிக்க முடியலேன்னா அந்த இடத்தை வெறுமையா விடறோம். பூஜ்யம் போடறதில்ல.

குடியாத்தம் வாசகர் | மே 11, காலை 9.12

8 ஜிபி டீஃபால்ட்டுதான் இத்தனை குழப்பத்துக்கும் காரணம். எஸ்என்ஐஏ (ஸ்டோரேஜ் கம்பெனிகளோட சங்கம்) முறைப்படி டிஸ்க்கை ரெண்டு தடவை முழுசா எழுதி, நிலைக்கு வந்த பிறகு அளக்கறதையே டீஃபால்ட் ஆக்கிடலாமே?

மெயின்டெய்னர் | மே 11, காலை 11.30

ஆசைதான். அந்த முறை என்ன கேக்குதுன்னு பாருங்க: முதல்ல முழுசா பர்ஜ், அப்புறம் கொள்ளளவுல ரெண்டு மடங்கு எழுத்து, அப்புறம் சுத்து சுத்தா அளவு. கடைசி 5 சுத்துல எண்ணோட ஏற்ற இறக்கம் சராசரில 20 சதவீதத்துக்குள்ள, சாய்வு 10 சதவீதத்துக்குள்ள வந்தாத்தான் நிலைக்கு வந்ததா கணக்கு. 1 டிபி டிஸ்க்குக்கு முன்தயாரிப்புக்கே 2 டிபி எழுத்து. 480 எம்பி வேகத்துல அது 70 நிமிஷம். டிஸ்க்குக்கு 600 டிபி எழுத்து உத்தரவாதம்னு வெச்சா 300 ஓட்டத்துல அது தீந்துடும். யாராவது இதை ராத்திரி தானியங்கி டெஸ்ட்ல மாட்டினா பத்து மாசத்துல டிஸ்க் உத்தரவாதம் காலி. மேல இன்னொண்ணு: பர்ஜ்னா டிஸ்க்ல இருக்கறது எல்லாம் போகும். அதை டீஃபால்ட்டா வைக்கற பேக்கேஜை நான் யார்கிட்டயும் குடுக்க மாட்டேன்.

மெயின்டெய்னர் | மே 11, இரவு 9.48

காலைல கொஞ்சம் வேகமா மறுத்துட்டேன். குடியாத்தத்தார் சொன்னதுல நியாயம் இருக்கு. டீஃபால்ட்டைத் தொட்டா பழைய ரிசல்ட் அத்தனையும் ஒப்பிட முடியாமப் போகும், தொடாம விட்டா தப்பான கேள்விக்கே பதில் சொல்லிக்கிட்டு இருப்போம். அதனால டீஃபால்ட்டை அப்படியே வெச்சு, அதுக்கு "வெடிப்பு-1"னு பேரு. பக்கத்துல "நீடிப்பு-1": காலி இடத்துல பாதி அளவுக்கு ஃபைல், 20 நிமிஷம், முதல் 5 நிமிஷத்தை ராம்ப்_டைம்ல தள்ளிட்டு மீதிக்கு சராசரி. ரெண்டுக்கும் பேரும் எண்ணும் ரிசல்ட் ஃபைல்லயே இருக்கும். வேற வேற பேரு இருக்கற ரெண்டு ஃபைலை ஒப்பிடச் சொன்னா கருவி மறுக்கும். உள்ள ஒரு விருப்பம் மாறினாலும் வெடிப்பு-2, பேக்கேஜோட முதல் எண்ணும் ஏறும்.

பாதி இடம் ஏன்? மூணுல ஒரு பங்குதான் கேஷா மாறும்னு மேல சொன்னேனே, அதைத் தாண்டணும்.

குடியாத்தம் வாசகர் | மே 12, மாலை 6.20

பில்லிங் சர்வருக்கு இதுல எதைப் பாக்கணும்?

மெயின்டெய்னர் | மே 12, இரவு 7.15

ரெண்டும் வேணாம். பில்லிங் டேட்டாபேஸ் சின்னச் சின்னதா எழுதி ஒவ்வொண்ணுக்கும் "டிஸ்க்ல உக்காந்துச்சா"ன்னு கேக்கும். ஆழம் 1, எஃப்டேட்டாசிங்க் 1, 4கே எழுத்து, அதுல 99-வது பர்சன்டைல் லேட்டன்சி. பவர்-லாஸ் கப்பாசிட்டர் (கரெண்ட் போனாலும் எழுதி முடிக்க சார்ஜ் வெச்சிருக்கறது) இல்லாத வீட்டு டிஸ்க்ல வினாடிக்கு சில நூறுல இருந்து ஒண்ணு ரெண்டு ஆயிரம் வரும். கப்பாசிட்டர் இருக்கற சர்வர் டிஸ்க்ல பல்லாயிரம் போகும். வீட்டு டிஸ்க்ல பல்லாயிரம் வந்தா சந்தேகப்படுங்க: டிஸ்க்கோ யூஎஸ்பி பிரிட்ஜோ ஃபிளஷ்ஷை முழுங்கிட்டு "ஆச்சு"ன்னு சொல்லுது. கரெண்ட் போற ஊர்ல அது பில்லோட போகும். ஃபியோவுல டிரிகர், வெரிஃபை ஸ்டேட் ரெண்டும் இதுக்குத்தான் இருக்கு. எழுதிக்கிட்டு இருக்கறப்ப பவரைப் புடுங்கி, திரும்ப ஏத்தி, எழுதினதா சொன்னது எல்லாம் இருக்கான்னு பாக்கலாம். சோதனை மெஷின்ல மட்டும்.

ராணிப்பேட்டை வாசகர் | மே 13, காலை 8.40

உபுண்டு 24.04-ல பேக்கேஜோட பழைய டெப் ஃபைல் ஏற மாட்டேங்குது, லிப்ஏஐஓ1 இல்லங்குது.

மெயின்டெய்னர் | மே 13, காலை 9.02

64-பிட் டைம் மாற்றத்துல அது லிப்ஏஐஓ1டி64 ஆயிடுச்சு, உள்ள இருக்கற நூலக ஃபைல் பேரும் மாறிடுச்சு. தப்பு நம்மோடது. நாம அந்த நூலகத்தை நேரா தொடறதே இல்ல, ஃபியோதான் தொடுது. சார்புப் பட்டியல்ல கையால அதை எழுதியிருக்கவே கூடாது. எடுத்துட்டேன், இனி ஃபியோவை மட்டும் கேக்கும். சிம்லிங்க் போட்டு ஒட்டாதீங்க.

காட்பாடி வாசகர் | மே 14, இரவு 9.33

நாலு ஓட்டமும் முடிச்சேன் அண்ணா. ரூம் 38 டிகிரி. காலி + ஃபேன்: 1,640, டிஸ்க் 66 டிகிரி. காலி, ஃபேன் இல்ல: சராசரி 1,180, ரம்பப் பல் அப்படியே வந்துச்சு, 82 வரைக்கும் போச்சு. நிரம்பினது + ஃபேன்: 610. நிரம்பினது, ஃபேன் இல்ல: 560.

மெயின்டெய்னர் | மே 14, இரவு 10.01

அருமை. வெயில் 460 சாப்பிட்டிருக்கு, நிரம்பின இடம் 1,030. நிரம்பினப்ப ஃபேன் பெருசா உதவலங்கறதையும் கவனிங்க. மெதுவா எழுதறப்ப டிஸ்க் அவ்வளவா சூடாகறதில்ல. நான் மொத நாள் ராத்திரி கத்திரியைக் கை காட்டினது தப்பு. அன்னிக்கு 480, இப்ப 560 வந்தது நடுவுல விட்ட அரை மணியாலதான் இருக்கணும், மடிக்க நேரம் கிடைச்சிருக்கு.

ரிப்போர்ட்ல ஒரு எண்ணு போடாதீங்க, நாலையும் போடுங்க. ஃபியோ பதிப்பும் சேருங்க. ஃபியோ கூட வர்ற மாரல்-லைசென்ஸ் ஃபைல் கேக்கறதே அதைத்தான்: ரிசல்ட் வெளியிட்டா ஃபியோன்னும் எந்தப் பதிப்புன்னும் சொல்லுங்கன்னு. ராஜா இல்லாத கோட்டை, தண்ணி இல்லாத ஆறுன்னு நம்ம வேலூரைச் சொல்வாங்களே, அந்தப் பட்டியல்ல நிலைமை இல்லாத எண்ணும் சேர வேணாம்.

மெயின்டெய்னர் | மே 14, இரவு 10.20

ஃபைலை இங்க ஏத்தறதுக்கு முன்னாடி டிஸ்க் சீரியல் நம்பரை அழிச்சீங்களா? ஸ்மார்ட் விவரத்தோட அது ஒட்டிக்கிட்டு வரும்.

காட்பாடி வாசகர் | மே 14, இரவு 10.24

இல்ல. எடுத்துட்டு மறுபடி ஏத்தறேன்.

மெயின்டெய்னர் | மே 15, காலை 6.55

அடுத்த பதிப்புல கருவியே அதை அழிச்சுட்டு எழுதும். இடம் எத்தனை சதவீதம் நிரம்பியிருந்துச்சுங்கற வரியையும் தலைப்புல சேத்துட்டேன். அது முன்னாடியே இருந்திருந்தா இந்த இழை ரெண்டு பதிவுல முடிஞ்சிருக்கும். யூஏஎஸ் பெட்டி வெச்சிருக்கறவங்க யாராவது சோதனைப் பதிப்பை ஓட்டிப் பாத்துச் சொல்லுங்க. அது வர்ற வரைக்கும் புதுப் பதிப்புக்கு டேக் போட மாட்டேன்.